தனித்து நிற்கப் பதினோரு கூட்டாளிகள்

மயங்கி விழுவதில் அர்த்தநாரிக்கு முன்னனுபவம் உண்டு. பொறியியல் படித்த காலத்தில், கோடை விடுமுறையில் கைச்செலவுக்கு ஆகட்டும் என்று ஒரு பனியன் கம்பெனிக்கு அயர்னிங் வேலைக்குப் போனான். முதல் நாள் நின்றான். இரண்டாம் நாள் மத்தியானம், நீராவிப் பெட்டியை ஓரமாக வைத்தவன், மேஜையில் விரித்திருந்த குழந்தை டீ-ஷர்ட்டின் மேல் அப்படியே குப்புறச் சாய்ந்துவிட்டான். அது ஏற்றுமதிச் சரக்கு. நெஞ்சுப் பகுதியில் மூக்குத் தடம் பதிந்துவிட்டது என்று ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். அர்த்தநாரியையும்தான்.

வேறு யாராவது என்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு இந்த விஷயத்தை மறந்திருப்பார்கள். அர்த்தநாரி மறக்கவில்லை. எம்.டெக். படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, சேவூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் டெக்ஸ்டைல் துறை உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த பிறகும், இஸ்திரி மேஜையில் நிற்கிறவன் ஏன் விழுகிறான் என்ற கேள்வி அவனோடு கூடவே வந்தது. ஓர் அவமானத்தை அறிவியலாக மாற்றிக்கொண்டவன் என்று தன்னைப் பற்றி அவனுக்கு உயர்ந்த அபிப்பிராயம். வேறு யாருக்கும் அந்த அபிப்பிராயம் இல்லாததால் அதை அவன் ஒருவனே காப்பாற்றி வந்தான்.

ஒருநாள் அதை இரண்டு பக்கத்தில் எழுதினான். வெப்பம் எங்கிருந்து வருகிறது, எந்த நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது, நடுவில் கொஞ்சம் உட்காரவிட்டால் ஆள் தாங்குகிறானா. தேவை, சில வெப்பமானிகள், மின்விசிறிகள், உள்ளே விட ஒரு முதலாளி. அவ்வளவுதான். அந்த இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு, கல்லூரியின் கூட்டாண்மை மற்றும் உறவு மேம்பாட்டு மையத்துக்குப் போனான்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் சித்ரகலா. அவர் அறைச் சுவர் முழுக்க புகைப்படங்கள். எல்லாப் படத்திலும் இரண்டு பேர் ஒரே ஃபைலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் படத்திலும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சித்ரகலா இரண்டு பக்கத்தையும் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கு, அர்த்தநாரி. யார்கூட?"

"எதுங்க மேடம்?"

"இதைப் பண்றது."

"நானேதானுங்க."

டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டை போடாமல் வந்துவிட்டோமோ என்று அர்த்தநாரி ஒரு கணம் குனிந்து பார்த்துக்கொண்டான்.

சித்ரகலா கோபப்படவில்லை. உறவு மேம்பாட்டில் பயிற்சி பெற்றவர். "இங்க பாருங்க. இளம் ஆய்வாளர் வாரியம் 'சுதந்திர ஆய்வாளர் நல்கை'ன்னு ஒரு நிதியுதவி அறிவிச்சிருக்கு. யாரோட தயவும் இல்லாம, சொந்தக் கால்ல நின்னு ஆராய்ச்சி பண்ற இளைஞர்களுக்காகவே கொண்டுவந்தது."

"அப்ப எனக்குப் பொருந்துமுங்க மேடம்."

"எப்படிப் பொருந்தும்? சொந்தக் கால்ல நிக்கறதுக்குக் குறைஞ்சது நாலு கூட்டாளி வேணுமே. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஒரு தொழிற்சாலை, ஒரு சமுதாய அமைப்பு, ஒரு மூத்த வழிகாட்டி. இதெல்லாம் இல்லாத ஒருத்தரை வாரியம் எப்படிச் சுதந்திரமானவர்னு நம்பும்?"

அர்த்தநாரிக்கு இது புரியவில்லை. ஆனால் புரியாததைப் புரிந்த முகத்தோடு கேட்பதில்தான் அவன் முனைவர் பட்டம் வாங்கியிருந்தான். தலையாட்டினான்.

"ஜூன்ல உங்க கான்ட்ராக்ட் முடியுது. நல்கை வந்தா நீங்க கல்லூரிக்கே சொத்து. வரலைன்னா..." என்று நிறுத்திவிட்டு, சித்ரகலா கனிவாகப் புன்னகைத்தார்.

வராவிட்டால் என்ன ஆகும் என்று அர்த்தநாரிக்குத் தெரியும். மாமனாருக்கு நூல் கடை. "டாக்டர் பட்டம் வாங்குன மேனேஜரு இந்த ஊருல ஒருத்தருகிட்டயும் இல்லீங்க மாப்ள" என்று கல்யாணத்தன்றே சொல்லி வைத்திருந்தார். கடையில் அந்த மேனேஜர் நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது. விசேஷ வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் அதைப் புதிதாக உறை போட்டு வைத்திருப்பதாக நினைவூட்டுவார்.

அடுத்த வாரம், 'கூட்டாளிகளைக் கண்டடைவது எப்படி' என்று கல்லூரியிலேயே பயிலரங்கம் நடந்தது. பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். இளம் ஆசிரியர்களை எல்லாம் வட்டமாக நிற்க வைத்து, ஒரு நூல்கண்டை அர்த்தநாரி கையில் கொடுத்தார். நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, தனக்கு இல்லாத திறமை யாரிடம் இருக்கிறதோ அவரை நோக்கிக் கண்டை எறிய வேண்டும். அர்த்தநாரி இயற்பியல் துறை பிரபாகரை நோக்கி எறிந்தான். பிரபாகர் கணிதத்துக்கு எறிந்தார். கண்டு சுற்றிச் சுற்றி வந்ததில், ஒரு மணி நேரத்தில் நடுவே பெரிய சிக்கல் உருவாகிவிட்டது.

"பாருங்கள்! நீங்கள் இனி தனி மனிதர்கள் அல்ல. ஒரு வலை!" என்றார் நிபுணர் கண் கலங்கி. பிறகு சாப்பாட்டு மணி அடித்தது. நிபுணர் போய்விட்டார்.

வலையால் போக முடியவில்லை. பனியன் நூல் அவ்வளவு சீக்கிரம் அறுவதில்லை. ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் விரல் நீலமாகிறது. எல்லோரும் திருப்பூர்க்காரர்கள், பாதிப் பேர் டெக்ஸ்டைலில் டாக்டர்கள். சிக்கலை எந்தப் பக்கத்திலிருந்து பிரிப்பது என்று அங்கேயே ஒரு கருத்தரங்கம் நடந்தது. கடைசியில் கேன்டீன் அம்மா வெங்காயம் நறுக்கும் கத்தியோடு வந்து அறுத்துவிட்டார். அர்த்தநாரிக்கும் பிரபாகருக்கும் மட்டும் கட்டைவிரல்கள் சேர்ந்தே இருந்தன. அன்று சாம்பாரை இருவரும் ஒத்துழைத்தே சாப்பிட்டார்கள். சித்ரகலா அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அர்த்தநாரி வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேட ஆரம்பித்தான். வெப்பம் பற்றி ஆராய்கிற பேராசிரியர்களுக்கெல்லாம் நீள நீளமாக மின்னஞ்சல் எழுதினான். மனைவி அனுப்பிரியா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு நாள் முழுக்க மெயில் போடுவதுதான் அவள் வேலை. அவன் எழுதியதை ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மொதப் பத்தி முச்சூடும் அவியளப் புகழ்ந்திருக்கீங்க. ரெண்டாம் பத்தில உங்களப் புகழ்ந்திருக்கீங்க. என்ன வேணும்னு எங்கயுமே காணோமே?"

"அதக் கடைசில சூசகமாச் சொல்லியிருக்கேன் அனு."

"சூசகமா மெயில் போட்டா ஒரு ஆர்டர் வருமுங்களா? ஸ்பேம்னு தூக்கிப் போட்ருவாங்க."

அவள் சொன்னது நடந்தது. ஒரே ஒருவரிடமிருந்து பதில் வந்தது, போர்ச்சுகலிலிருந்து. அனுப்பிய நொடியிலேயே வந்தது. 'உங்கள் மடலுக்கு நன்றி. நான் குழந்தைப் பராமரிப்பு விடுப்பில் இருக்கிறேன். இலையுதிர் காலத்துக்குப் பிறகு தொடர்புகொள்ளவும்.'

இது இயந்திரம் தானாக அனுப்புகிற பதில் என்று தயங்கித் தயங்கிச் சித்ரகலாவிடம் காட்டினான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பதில் வந்திருக்கா இல்லையா?"

"வந்திருக்குதுங்க, ஆனா..."

"நன்றின்னு சொல்லியிருக்காரா?"

"சொல்லியிருக்காருங்க."

"தொடர்புகொள்ளவும்னு அழைப்பும் விடுத்திருக்கார். குடும்ப விஷயத்தைக்கூடப் பகிர்ந்திருக்கார். அர்த்தநாரி, எனக்கு இத்தனை வருஷத்துல எந்த வெளிநாட்டுக்காரரும் இவ்வளவு நெருக்கமா எழுதினதில்லை. வாழ்த்துச் சொல்லிப் பதில் போடுங்க."

போட்டான். அதே நொடியில் அதே பதில் வந்தது. "பாருங்க, தொடர்ந்து தொடர்புல இருக்கார்" என்று சொல்லி, இரண்டையும் கலரில் அச்செடுத்து ஃபைலில் வைக்கச் சொன்னார். ஓர் இயந்திரத்தின் நட்பைச் சம்பாதித்துவிட்ட பெருமையோடு அர்த்தநாரி வீட்டுக்குப் போனான். அனுப்பிரியாவிடம் மட்டும் சொல்லவில்லை.

அடுத்தது தொழிற்சாலை. பல்லடம் சாலையில் நடுத்தரமாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்த மயில்சாமி, அனுப்பிரியாவுக்குத் தூரத்து வழியில் பெரியப்பா முறை. அர்த்தநாரி போய் உட்கார்ந்து, "ஒரு ஆராய்ச்சிக்கு நீங்க எங்களுக்குப் பார்ட்னரா இருக்கோணுமுங்க" என்று ஆரம்பித்தான்.

பார்ட்னர் என்ற சொல்லைக் கேட்டதும் மயில்சாமி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். செக்கிங் செக்ஷனுக்கு போன் போட்டார். "இந்தா, சித்த மேல வந்துட்டுப் போ. பார்ட்னர்ஷிப் பேச்சு." கம்பெனிப் பத்திரத்தில் பங்குதாரரான அவர் மனைவி சென்னம்மாள், கத்தரித்த நூல் பிசிறுகளைச் சேலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க" என்றார் மயில்சாமி. "எங்க மச்சானும் நானும் பார்ட்னரா இருந்தமுங்க. பிரியறப்ப மிசினப் பிரிச்சோம், டேபிளப் பிரிச்சோம். கடேசில காம்பவுண்டுல ஒரு வேப்பமரம். அத எப்படிப் பிரிக்கறது? காத்தால நெழலு அவருக்கு, சாயங்கால நெழலு எனக்குன்னு பேசி முடிச்சோம். இன்னிக்கு வரைக்கும் காத்தால அந்தப் பக்கம் நான் வண்டி நிறுத்தறதில்லீங்க. பார்ட்னர்னா எனக்கு அப்படி. இப்பச் சொல்லுங்க, இதுல பங்கு என்னங்க?"

"பங்கெல்லாம் இல்லீங்க."

"நட்டம் வந்தா?"

"அதுவும் இல்லீங்க."

"என்ன வேலை செய்யோணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. லெட்டர்ஹெட்ல ஒரு கையெழுத்து மட்டும் போதுமுங்க."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பங்கும் இல்ல, நட்டமும் இல்ல, வேலையும் இல்ல" என்றார் சென்னம்மாள். "அதுக்குப் பேரு வேடிக்கை பாக்கறதுங்க மாப்ள. பார்ட்னர்ங்கறீங்க?"

பயிலரங்கில் இந்தக் கேள்வி வரவில்லை. வெட்கத்தோடு தன் இரண்டு பக்கத்தை எடுத்துக் கொடுத்தான். மயில்சாமி படித்தார். அவர் அயர்னிங் செக்ஷனில் சித்திரை வைகாசியில் ஆட்கள் விழுவது வழக்கம்தான். குளுக்கோஸ் கொடுத்து ரூமுக்கு அனுப்பிவிடுவார்.

"சரிங்க. சாமிகிட்டப் பூக் கேட்டுப் போடலாம்" என்றார்.

மலைக் கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக முருகன் காலடியில் வைக்கப்பட்டன. வெள்ளை வந்தால் கூட்டு, சிவப்பு வந்தால் இல்லை. எந்தப் பொட்டலமும் வர சரிபாதி வாய்ப்பு என்று அறிவியல் அறிந்த அர்த்தநாரி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வெள்ளை, வெள்ளை என்று வேண்டினான். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"சாமிக்கு இஷ்டமில்லீங்களாட்ட இருக்குது. அடுத்த கிருத்திகைக்குக் கேப்போம்" என்றார் மயில்சாமி.

சித்ரகலா விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நினைத்துக் கவலைப்பட்டார். ஆனால் கோயில் என்றதும் அவருக்கு வேறொன்று தோன்றியது. "சமுதாய அமைப்பு ஒண்ணு குறையுதே. கோயில் கமிட்டி லெட்டர் கொடுப்பாங்களா?" கொடுத்தார்கள். தேர்த் திருவிழா ரசீதின் பின்பக்கம், 'ஆய்வுக்கு எங்கள் ஆசி உண்டு' என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அடுத்த கிருத்திகையில் வெள்ளை வந்தது. எந்த நிதி வாரியமும் ஒரு மறுபரிசீலனையை இத்தனை சீக்கிரம் முடித்ததில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மயில்சாமி உடனே கையெழுத்துப் போடவில்லை. "பார்ட்னர்னா கம்பெனில நிக்கோணுமுங்க. ஒரு ஷிப்ட் அயர்னிங்ல நின்னுட்டு வாங்க. அப்பறம் போடறேன்."

பங்குனி வெயில். மேலே தகரக் கூரை. ஒடிசாக்காரர்களும் மதுரைப் பக்கத்து ஆட்களும் வரிசையாக நின்று நீராவியில் வெந்துகொண்டிருந்தார்கள். அர்த்தநாரி பெட்டியைப் பிடித்தான். இப்போது நான் ஆய்வாளன், வெப்பத்தின் இயல்பு தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டான். வெப்பத்துக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தவன் போல டீ-ஷர்ட்டின் மேல் சாய்ந்தான்.

"சாப் கிர் கயா!" என்று ஒருவர் இந்தியில் கத்தினார். "பார்ட்னர் உழுந்துட்டாரு!" என்று சூப்பர்வைசர் மாடிக்கு ஓடினார்.

கண் திறந்தபோது மயில்சாமி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. இத்தனை வருஷமாக விழுந்தவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான், ஆளுக்கு உடம்பு சரியில்லை. பார்ட்னர் விழுந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கம்பெனி சரியில்லை என்று ஆகிவிடும்.

"நீங்க எழுதுனது நெசந்தானுங்க" என்று சொல்லிவிட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நேர்காணல் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் அரங்கில் நடந்தது. உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. வெப்பத்தைப் பற்றிய விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வந்த வல்லுநர்கள் ஐந்து பேரும் சால்வை போர்த்தியிருந்தார்கள். அர்த்தநாரி மேஜை, நீராவி, தகரக் கூரை என்று பேச ஆரம்பித்ததுமே தலைவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, ஆராய்ச்சியைப் பத்தி அப்புறம் பேசலாம், நேரம் இருந்தா. முதல்ல கூட்டாளிகள். கோயில், தொழிற்சாலை, போர்ச்சுகல். நல்லா இருக்கு. ஆனா இவங்களுக்குள்ள என்ன உறவு?"

"ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுங்க சார்."

"அதுதான் குறை. கோயில் கமிட்டிக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம்கூட இல்லை. ஒரு முக்கோணம் இருக்கு, ஆனா கோடு இல்லை." மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நான் முப்பத்தஞ்சு வருஷமா ஆராய்ச்சித் துறையில இருக்கேன். கடைசியா ஒரு கருவியைத் தொட்டது எப்பன்னு எனக்கே நினைவில்லை. ஆனா எத்தனை கூட்டமைப்புக்கு நான் தலைவர் தெரியுமா? அறிவுங்கறது தலைக்குள்ள இருக்கற வஸ்து இல்லை தம்பி. ரெண்டு கமிட்டிக்கு நடுவுல இருக்கறது."

இன்னொருவர் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார். "உங்க திட்டத்துல எல்லா வேலையையும் நீங்களே பண்ணத் தெரிஞ்சவரா இருக்கீங்க. அப்ப கூட்டாளிக்கு என்ன மிச்சம்? கொஞ்சமாவது தெரியாம இருக்கணும் இல்லையா?"

"முயற்சி பண்றனுங்க சார்" என்றான் அர்த்தநாரி. வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக அவன் எந்த வாக்குறுதியும் கொடுத்ததில்லை.

கூட்டாளிகளைப் பெருக்கி மறுபடி அனுப்பச் சொன்னார்கள். சித்ரகலா இந்த விஷயத்தில் மலை போல் துணை நின்றார். அவர் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்த இடங்களெல்லாம் உள்ளே வந்தன. செயற்கை நுண்ணறிவு நிறுவனம் ஒன்று, யோகா அறக்கட்டளை ஒன்று, அமராவதி நகர்ப் பக்கம் ஒரு தென்னை விவசாயிகள் சங்கம், இன்னும் நான்கு கல்லூரிகள். கடைசியாகச் சேர்ந்த மூத்த வழிகாட்டியோடு மொத்தம் பதினொன்று. ஒவ்வொருவரும் வரும்போது தமக்கென்று ஒரு வேலையோடு வந்தார்கள். தென்னைச் சங்கம் இளநீரைச் சேர்த்தது. யோகா மூச்சுப் பயிற்சியைச் சேர்த்தது. மயக்கம் என்ற சொல் எதிர்மறையாக இருக்கிறது என்று ஒரு கல்லூரி ஆட்சேபித்ததால், அது 'வெப்பச் சூழல் நல்வாழ்வு' ஆனது. விண்ணப்பம் தடிமனாகத் தடிமனாக இஸ்திரி மேஜை பின்னால் பின்னால் போய், இணைப்புகளில் ஒன்றாக ஒதுங்கியது. ஆறு கூட்டாளிகள் சேர்ந்த பிறகு அர்த்தநாரியால் தன் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. வல்லுநர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டான்.

மூத்த வழிகாட்டியாகக் கோவையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் டாக்டர் சிவராஜ் சேர்ந்தார். அவர் அர்த்தநாரியிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஊர்ல இருந்து வந்து போக கார் உண்டுங்களா?"

ஜூன் மாதம் முடிவு வந்தது. நல்கை கிடைத்துவிட்டது. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அனுப்பிரியா கேசரி கிளறினாள். மாமனார் போன் செய்து, நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார். இரண்டு நாள் கழித்து வாரியத்தின் இரண்டாவது கடிதம் வந்தது. இவ்வளவு பெரிய கூட்டமைப்பை அனுபவமற்ற ஓர் இளைஞரால் தாங்க முடியாது என்று வல்லுநர் குழு கருதுவதால், சுதந்திர இளம் ஆய்வாளராக டாக்டர் சிவராஜ் நியமிக்கப்படுகிறார். அவருக்கு வயது அறுபத்து நான்கு.

"வருத்தப்படாதீங்க" என்றார் சித்ரகலா. "இத்தனை பேரை ஒண்ணு சேர்த்த திறமை யாருக்கு வரும்? உங்க கான்ட்ராக்டை நீட்டிச்சாச்சு. இனி நீங்க நம்ம மையத்தோட துணை இயக்குநர். வகுப்பு, ஆராய்ச்சி அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை."

அர்த்தநாரி கோபத்தில் கொதித்தெழுந்து ராஜினாமா கடிதத்தை மேஜையில் வீசினான் என்று சொல்ல ஆசைதான். அவன் "நன்றிங்க மேடம்" என்றான். வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த கேசரியைத் தின்றான்.

தொடக்க விழாவில் அவனுக்கு மேடையில் இடமில்லை. கூட்டாளிகளுக்கே நாற்காலி போதவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கத்தில் நின்றான். ஒவ்வொரு கூட்டாளியும் பேசினார்கள். மயில்சாமியின் முறை வந்தது. பட்டு வேட்டி கட்டி வந்திருந்த அவர், மைக்கைப் பிடித்து மேடையை ஒருமுறை பார்த்தார், கீழே ஒருமுறை பார்த்தார்.

"எங்க பார்ட்னர் எங்கீங்க?"

சித்ரகலா சிவராஜைக் காட்டினார்.

"இவரு யாருன்னு தெரியலீங்க. நல்லா இருக்கட்டும். எங்க கம்பெனில உழுந்தாரே, அவரு எங்கீங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அர்த்தநாரி வீரனைப் போல முன்னே போயிருக்கலாம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். மயில்சாமி மைக்கை வைத்துவிட்டு, விடுவிடுவென்று இறங்கி வந்து, பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இங்க குத்த வெச்சு என்ன பண்றீங்க? பார்ட்னர் கீழ இருக்கறப்ப நான் மேல உக்கார முடியாதுங்க. வாங்க, கம்பெனிக்குப் போலாம். வேலை இருக்குது."

கம்பெனியில் உண்மையாகவே வேலை இருந்தது. நீராவிக் குழாய்களைச் சுற்றி உறை போட ஆரம்பித்திருந்தார் மயில்சாமி. கூரையடியில் காற்றுப் போக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் அர்த்தநாரிக்காகக் காத்திருந்தார். அன்று தொடங்கி, துணை இயக்குநர் பதவி தந்த ஏராளமான ஓய்வு நேரத்தில் அவன் அங்கே போய்வந்தான். பிரபாகர் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெப்பமானிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கே மாட்டுவது என்று அவனோடு சண்டை போட்டார். யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. ஆட்களை முறை வைத்து வெளியே உட்கார வைத்தார்கள். ஷிப்மெண்ட் தாமதமாகும் என்று சென்னம்மாள் முதலில் ஒப்பவில்லை. ஆகவில்லை என்று கண்டதும், உட்காராமல் நிற்கிறவர்களை அவரே விரட்டி உட்கார வைத்தார். அடுத்த சித்திரை வந்தது. கத்திரி வெயில் வந்தது. அந்த வரிசையில் ஒருவரும் விழவில்லை.

அதே சித்திரையில் வாரியத்தின் ஆண்டு ஆய்வும் வந்தது. சிவராஜின் கூட்டமைப்பு ஒரு வருஷத்தில் சின்னம் வடிவமைத்திருந்தது, பெயரை இரண்டு முறை மாற்றியிருந்தது, கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தங்கள் போட்டு முக்கோணத்துக்குக் கோடு இழுத்திருந்தது. ஆராய்ச்சி முடிவு என்ற கட்டத்தில் மட்டும் எழுத ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் அளவுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சிவராஜ் காரில் போய் மயில்சாமியைக் கேட்டார்.

"அதெல்லாம் எங்க பார்ட்னரோடதுங்க. அவரு சொன்னாக் குடுக்கறேன்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார் மயில்சாமி.

மறுநாள் சித்ரகலா அர்த்தநாரியை அழைத்தார். குரலில் என்றுமில்லாத மரியாதை. "அர்த்தநாரி, கல்லூரி உங்களோட கூட்டாண்மை வெச்சுக்க விரும்புது."

"நான் கல்லூரிலதானுங்களே மேடம் இருக்கேன்?"

"அது வேற. அளவுகள் தனி நபர் அர்த்தநாரிகிட்ட இருக்கு. முறைப்படி ஒப்பந்தம் வேணும்."

அர்த்தநாரி தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நிபந்தனை விதித்தான். "ஆய்வு செஞ்சவங்கன்னு என் பேரும் பிரபாகர் பேரும்தானுங்க மொதல்ல வரோணும். மயங்கி விழறாங்கன்னே எழுதோணும்." சித்ரகலா வாரியத்தின் தேதியை நினைத்து ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தம் தயாரானது. தனி நபர்களோடு போடும் ஒப்பந்தங்களில் கல்லூரி சார்பாகக் கையெழுத்திட வேண்டியவர், விதிப்படி, மையத்தின் துணை இயக்குநர். அர்த்தநாரி மேஜையின் ஒரு பக்கம் உட்கார்ந்து கல்லூரிக்காகக் கையெழுத்திட்டான். எழுந்து சுற்றி வந்து, மறுபக்கம் உட்கார்ந்து தனக்காகக் கையெழுத்திட்டான். புகைப்படக்காரர், இடது பக்கம் நிற்க வைத்து ஒன்று, வலது பக்கம் நிற்க வைத்து ஒன்று எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். "ஒருத்தரை ஒருத்தர் பாக்க வேண்டாம் சார், கேமராவைப் பாருங்க."

கல்லூரி அலுவலகத்துக்குப் போன ஒப்பந்தம் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது. இரு தரப்புக் கையெழுத்தும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒருவர் கையெழுத்தை மற்றவர் போட்டிருக்கலாம் என்று சந்தேகம் எழுப்பியிருந்தார்கள்.

சித்ரகலா இரண்டு கையெழுத்தையும் உற்றுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பேனாவை நீட்டினார். "வேற வழியில்லை. உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் கொஞ்சம் மாத்திப் போடுங்களேன்."

அர்த்தநாரி கடிகாரத்தைப் பார்த்தான். வெளியே வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பல்லடம் சாலையில் தகரக் கூரைக்கு அடியில் அளவெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

"துணை இயக்குநர் மாத்திப் போடட்டுமுங்க மேடம்" என்று அவசர அவசரமாக ஒரு கிறுக்கல் போட்டுவிட்டு எழுந்தான். "அர்த்தநாரிக்கு நேரமாச்சுங்க."